அதிகம் பேசப்படாத, மறுபடி படிக்க வேண்டிய பழைய உளவியல் குற்ற நாவல்கள் எவை?

செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் எங்கள் வீட்டு மெத்தையில், அதாவது மாடியில், ஒரு தகரப் பெட்டி இருந்தது. ஐயா (எங்கள் பக்கம் அப்பாவின் அப்பாவை ஐயா என்போம்) பினாங்கில் ஒரு கடையில் அடுத்தாளாக, அதாவது மேலாளுக்கு அடுத்தவராக, இருந்துவிட்டு, 1950களில் ஊர் திரும்பும்போது கொண்டுவந்தது. உள்ளே பட்டுச்சேலை கிடக்கும் என்று 1987 கோடை விடுமுறையில் திறந்தேன். கிடைத்தது அட்டை கிழிந்த இங்கிலீஷ் நாவல்கள், பாதிக்கு மேல் கொலைக் கதைகள். ஒவ்வொன்றிலும் முதல் பக்க மூலையில் ஒரு பிள்ளையார் சுழி. கொலைக் கதைக்கும் பிள்ளையார் சுழி போட்ட மனுஷன்!

அதில் நான் முதலில் எடுத்தது சி. எஸ். ஃபாரஸ்டர் 1926இல் எழுதிய ‘பேமென்ட் டிஃபர்ட்’. கடல் போர்க் கதைகள் எழுதிப் பின்னால் பெரும்புகழ் பெற்றவர். அதனாலேயே இந்த நாவல் பின்னுக்குப் போய்விட்டது என்று எனக்குத் தோன்றும்.

மார்பிள் என்கிற பேங்க் குமாஸ்தா. லண்டனில் குடும்பத்தோடு இருக்கிறார், கழுத்து வரை கடன். ஒரு மழை இரவில், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மருமகன் முறைப் பையன் பை நிறையப் பணத்தோடு வீட்டுக்கு வருகிறான். மார்பிளுக்குப் போட்டோ எடுக்கும் பழக்கம் உண்டு. அந்த வேலைக்கு வாங்கி வைத்த சயனைடும் வீட்டில் உண்டு. பையன் காலையில் இல்லை. கொல்லையில் மண் புதிதாகக் கொத்தியிருக்கிறது.

இத்தனையும் ஆரம்பத்திலேயே முடிந்துவிடும். யார் செய்தது, எப்படிச் செய்தது என்று கேட்க எதுவும் மிச்சமில்லை. அதற்கப்புறம்தான் கதையே. பிரெஞ்சு நாணயத்தின் விலை ஏறி இறங்குவதை வைத்துச் சூதாடி மார்பிள் பணக்காரராகிவிடுகிறார். ஆனால் வீடு மாற முடியாது. வேறு யாராவது குடிவந்து செடி நட மண்ணைத் தோண்டினால்? அதனால் அந்தச் சின்ன வீட்டையே விலைக்கு வாங்கி, அதற்கு ஒவ்வாத விலை உயர்ந்த சாமான்களால் நிரப்புகிறார். பின்பக்க ஜன்னலோரம் விஸ்கியோடு உட்கார்ந்து, கொல்லையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். குற்ற வழக்குப் புத்தகங்களாக வாங்கிப் படிக்கிறார். போலீஸ் வரவே வேண்டாம், மனுஷர் தானாகவே சிறையில் இருக்கிறார்.

நான் இதைப் படித்த இடத்தையும் சொல்ல வேண்டும். பட்டாலைத் திண்ணையில் படுத்துக்கொண்டு படித்தேன். எதிரே வளவு, நடு முற்றமும் அதைச் சுற்றிய கட்டும். பங்குக்கு ஒரு பூட்டாக, வரிசையாகப் பூட்டிய அறைகள். பங்காளிகள் எல்லோரும் மெட்ராஸிலும் கோயம்புத்தூரிலும். அத்தனை பெரிய வீட்டில் அப்பத்தா மட்டும், தூணோரம் வளவைப் பார்த்தபடி. பூட்டிவிட்டு எங்களோடு வந்துவிடச் சொன்னால், “விளக்கு வைக்க ஆள் வேணாமா?” என்பார். பேச்சு அதோடு முடிந்தது. மார்பிள் ஜன்னலோரம் உட்காரும் பக்கங்களில் நான் அடிக்கடி தலையைத் தூக்கி அப்பத்தாவைப் பார்த்துக்கொண்டேன். எங்கள் வளவில் எதுவும் புதைக்கவில்லை என்றே இன்றுவரை நம்புகிறேன்.

அந்தப் பிரதியின் பின்னட்டைக்கு உள்பக்கம் ஐயா பென்சிலால் ஒரு கோடு இழுத்து, பற்று வரவு எழுதியிருந்தார். வரவில் பையன் கொண்டுவந்த பணம், நாணயச் சூதில் வந்த லாபம். பற்றில் பழைய கடன், வீடு, சாமான், விஸ்கி. கடைசி வரியில் ‘பையன்’ என்று மட்டும் எழுதி, தொகை போடாமல் விட்டிருந்தார். நாவலின் தலைப்பே தள்ளிப்போட்ட பாக்கி என்றுதானே பொருள்படுகிறது! கடையில் பெட்டியடியில் உட்கார்ந்து கணக்கெழுதிப் பழகியவருக்கு அது வேறு மாதிரி படித்திருக்கும்.

கடைசிச் சில தாள்களை ராமபாணப் பூச்சி தின்றுவிட்டது. முடிவு தெரியாமல் நான் புலம்பியதைக் கேட்டு, இங்கிலீஷ் ஒரு எழுத்தும் தெரியாத அப்பத்தா திரும்பிப் பார்த்தார். “தோட்டத்துல புதைச்சானே, அவனா? தூக்குல போட்டுட்டாகல்ல. ஆனா அதுக்காக இல்ல.” ஐயா ராத்திரிகளில் கதை சொல்லியிருக்கிறார்! ‘எதுக்காக’ என்பதை நான் இங்கே சொல்ல மாட்டேன். படித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவதாக, அதைவிடப் பழையது. மேரி பெல்லாக் லவுண்ட்ஸ் 1913இல் வெளியிட்ட ‘தி லாட்ஜர்’. லண்டனில் பெண்களைக் கொன்று கடைசிவரை பிடிபடாத ‘ஜாக் தி ரிப்பர்’ கொலைகளின் சாயலில் எழுதிய நாவல். ஆனால் நாம் இருப்பது கொலைகாரன் மனதிலும் இல்லை, போலீஸ் மனதிலும் இல்லை. வாடகைக்கு அறை விடும் திருமதி பன்டிங்கின் மனதில். பெரிய வீடுகளில் வேலை பார்த்து ஓய்ந்த தம்பதி. சாமான்களை விற்றுச் சாப்பிடும் நிலை. கணவர் செய்தித்தாள் வாங்கிய சில்லறைக்கே குற்ற உணர்ச்சியில் குறுகுகிறார். அப்போது ஒரு கனவான் கதவைத் தட்டி, முன்பணம் கொடுத்து மேல்மாடி அறைகளை எடுத்துக்கொள்கிறார். சுவரில் மாட்டிய பெண்களின் படங்களைத் திருப்பி வைக்கிறார். எந்நேரமும் பைபிள் வாசிக்கிறார். நடுராத்திரியில் சத்தமில்லாமல் வெளியே போய்த் திரும்புகிறார். ஊரில் பெண்கள் கொலையாகிறார்கள்.

திருமதி பன்டிங்குக்குச் சீக்கிரமே சந்தேகம் வந்துவிடுகிறது. சொல்வதில்லை, கணவரிடம்கூட. வாடகை நின்றால் பட்டினி. போகப்போக அது வாடகை மட்டுமில்லை, அந்த மனிதர் மேல் ஒரு இரக்கமும்தான் என்று தெரியும்போது நமக்கு வயிறு கலங்குகிறது. மாடிப்படியில் கேட்கும் காலடிச் சத்தத்தை வைத்து இவ்வளவு பயமுறுத்த முடியுமா என்று வியந்திருக்கிறேன். 1927இல் வந்த ஹிட்ச்காக்கின் மௌனப் படத்தைப் பார்த்தவர்கள் கதை தெரியும் என்று விட்டுவிட வேண்டாம். படத்தில் குடித்தனக்காரர் நிரபராதி. நாவல் அவ்வளவு கருணை காட்டாது.

பிரான்சிஸ் ஐல்ஸின் ‘மாலிஸ் அஃபோர்தாட்’டை (1931) எல்லோரும் சொல்வார்கள். மனைவியைக் கொல்ல முடிவெடுத்த டாக்டரின் கதை, முதல் வரியிலேயே விஷயம் வெளியே வந்துவிடும். நல்ல நாவல்தான், ஆனால் மறந்துபோனது என்று சொல்ல முடியாது. அதற்குப் பதில் ரிச்சர்ட் ஹல்லின் ‘தி மர்டர் ஆஃப் மை ஆன்ட்’ (1934) படியுங்கள். அத்தையின் காசில் சாப்பிட்டுக்கொண்டே அத்தையைக் கொல்லத் திட்டம் போடும் ஒரு சோம்பேறியின் டைரி. சிரிப்பாக வரும். ஹல் பிழைப்புக்கு ஆடிட்டர் என்பது எனக்குத் தனிச் சந்தோஷம்.

தமிழில்? நடேச சாஸ்திரியின் ‘தானவன்’ 1894லேயே வந்துவிட்டது. அப்புறம் ரங்கராஜுவின் கோவிந்தன், ஆரணி குப்புசாமி முதலியாரின் ஆனந்த சிங், வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார் என்று துப்பறிகிறவர்களாக வந்தார்கள். சுவாரசியத்துக்குக் குறைவில்லை. ஆனால் குற்றம் செய்தவனின் பக்கத்தில் உட்காரும் நாவல் வேண்டுமென்றால் இவற்றில் தேடாதீர்கள். பழைய பதிப்புகளைப் பார்க்க ஆசைப்பட்டால் சென்னை ரோஜா முத்தையா நூலகம் போகலாம். அதுவும் எங்கள் பக்கத்துக் கோட்டையூர்க்காரர் சேர்த்த சொத்துதான்.

கடைசியாக எலிசபெத் சாங்ஸே ஹோல்டிங்கின் ‘தி பிளாங்க் வால்’, 1947. துப்பறியும் நாவல்களில் பெரும்பெயர் எடுத்த ரேமண்ட் சாண்ட்லரே கொண்டாடிய எழுத்தாளர். இது ஐயாவின் பெட்டியில் இல்லை. பெர்செஃபோன் பதிப்பகம் 2003இல் மறுபடி அச்சிட்ட பிறகுதான் என் கைக்கு வந்தது. லூசியா என்ற குடும்பப் பெண். கணவர் யுத்தத்துக்குக் கடல் தாண்டிப் போயிருக்கிறார். மகளோடு பழகிய ஆகாத ஆள் ஒருவன் படகுக் கொட்டகையில் செத்துக் கிடக்கிறான். லூசியா தனியாளாக உடலைப் படகில் ஏற்றிக்கொண்டுபோய் ஒளிக்கிறாள். பிறகு பணம் கேட்டு மிரட்ட ஆள் வருகிறான். இதற்கு நடுவில் ரேஷன் சாமான் வாங்க வேண்டும், வயதான அப்பாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும், ராத்திரி கணவருக்குக் கடிதம் எழுத வேண்டும். கடிதத்தில் எதுவும் இருக்காது. இங்கே எல்லோரும் சௌக்கியம், அவ்வளவுதான்.

அந்த இடத்தைப் படித்ததும் நான் ஊருக்குப் போனபோது அப்பத்தாவிடம் கதையைச் சொன்னேன். அப்போது அவருக்கு எண்பது தாண்டியிருந்தது. ஐயா கொண்டுவிற்க, அதாவது கடல் தாண்டித் தொழிலுக்கு, போன காலத்தில் அப்பத்தாவும் மூணு மூணு வருஷமாகப் பினாங்குக்குக் கடிதம் எழுதியவர். ‘இங்கு யாவரும் சுகம்’ என்று தொடங்கும் அந்தக் கட்டு இப்போதும் பெட்டகத்தில் இருக்கிறது. உடல் ஒளித்த கதையைக் கேட்டு அப்பத்தா பதறவில்லை. “பின்ன என்னத்த எழுதுவா? படிக்கிறவுக அங்க உக்காந்துக்கிட்டு என்ன செய்யப் போறாக?” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “அந்த அப்பாவுக்கு ரேஷன்ல என்ன கெடச்சுச்சாம்?” என்று கேட்டார்.