'புது' என்று சொல்லாதீர்கள்

கேள்வி: இங்கிலாந்தில் பெயருக்கு முன்னால் மிஸ்டர், மிஸஸ் எதுவும் வேண்டாம், 'மிக்ஸ்' என்று போடுங்கள் என்கிறார்களாமே! இந்தப் புதுப் பட்டமெல்லாம் தேவைதானா?
– வாசகர் ஒருவர், கும்பகோணம்

பதில்: அந்தப் 'புது'வைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. ஆணா, பெண்ணா என்று காட்டாத 'மிக்ஸ்' (Mx) 1977-லேயே ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் அச்சேறிய சொல். ஆண், பெண் என்ற இரண்டுக்குள் அடங்காதவர்கள் பின்னர் அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். 2015-இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி இடம் கொடுத்தது. 2017-இல் எச்.எஸ்.பி.சி. வங்கி பிரிட்டனில் பாலினம் காட்டாத பத்து அடைமொழிகளை வாடிக்கையாளர்களுக்குத் தந்தது. அதனால் எந்தக் கணக்குப் புத்தகமும் குழம்பிவிடவில்லை.

மணமானவரா, ஆகாதவரா என்று காட்டாமல் பெண்களைக் குறிக்கும் 'எம்-எஸ்' (Ms) என்ற ஈரெழுத்தை மாசசூசெட்ஸ் நாளிதழ் ஒன்று 1901-லேயே முன்மொழிந்தது. நியூயார்க் டைம்ஸ் அதை ஏற்றது 1986-இல். எண்பத்தைந்து ஆண்டுகள்! ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்காமல் செய்தி எழுத அத்தனை காலம் பிடித்திருக்கிறது.

நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். இதே பக்கத்தில் பல முறை சண்டை போட்டிருக்கிறேன், இன்னும் போடுவேன். ஆணுக்கு வாழ்நாள் முழுக்க ஒரே 'திரு'. பெண்ணுக்கு மட்டும் செல்வி, திருமதி என்று கழுத்தைப் பார்த்து மாற்றுகிற அடைமொழி. திரு என்றால் திருமகள் ஐயா! லட்சுமியின் பெயரை எடுத்து ஆண்களுக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்தது யார்? திருநங்கை, திருநம்பி இரண்டு சொல்லிலும் முன்னால் நிற்பது அதே திருதான். திருவாரூருக்கும் திருக்குறளுக்கும் பொருந்துகிற சொல், ஆணும் பெண்ணும் அல்லாத ஒருவருக்குப் பொருந்தாதா?

சென்ற ஆண்டு எங்களுக்கு ஒரு சந்தாப் படிவம் வந்தது. திரு, திருமதி, செல்வி மூன்றையும் நீல மையால் அடித்துவிட்டு, பெயரை மட்டும் எழுதியிருந்தார்கள். எங்கள் அலுவலகத்தில் வழக்கம்போல 'திருமதி' என்று முகவரி ஒட்டி அனுப்பினோம். அடுத்த வாரம் அந்த உறை மட்டும் திரும்பி வந்தது. 'திருமதி' அடிக்கப்பட்டிருந்தது, அதே நீல மையால். ஒரு வரி திட்டுகூட இல்லை. மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினேன். இதழை வீடு சேர்க்கப் பெயரும் அஞ்சல் குறியீட்டு எண்ணும் போதுமே, மற்றதை ஏன் கேட்டோம்?

இந்த இதழின் கடைசிப் பக்கத்தில் உள்ள படிவத்தைப் பாருங்கள். அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டோம்.