யூனியனில் சேர்ந்தால் விசா போகுமா?

தங்கச்சி, பராமரிப்பு இல்ல வேலை விசாவில் லண்டன் வந்து சில மாதம்தான் ஆகிறது, யூனியனில் சேர்ந்தால் விசாவுக்கு ஆபத்தா என்று கேட்டிருக்கிறீர்கள். பஸ் சாரதியாக இருந்த நான் எப்படி யூனியன் பிரதிநிதியாகி, பிறகு கவுன்சிலரும் ஆனேன் என்றும் கேட்டீர்கள்.

ஆபத்தில்லை. சேருவது உங்கள் சட்ட உரிமை. சட்டப்படி நடக்கும் வேலைநிறுத்தத்தில் சம்பளமில்லாமல் நின்றாலும் அதை விசா விதிமீறலாக எடுக்கமாட்டார்கள். உங்களுடைய உண்மையான பயம் வேறு என்று நினைக்கிறேன்: வேலை போனால் ஸ்பொன்சர், அதாவது விசாவுக்குப் பொறுப்பு நிற்கும் முதலாளி, போகும், விசா 60 நாளாகச் சுருங்கலாம். நியாயமான பயம்தான். அதனால்தான் சேரச் சொல்கிறேன்.

யூனியன் வேலை என்றால் மைக் பிடித்துப் பேசுவது என்று எங்கள் சனம் நினைக்கிறது. என்னுடைய காலத்தில் பெரும்பகுதி டிப்போ மேல்மாடியில் ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறையில் போனது. பிந்தி வந்ததற்கு, பக்கக் கண்ணாடி உரசியதற்கு, பயணி முறைப்பாடு கொடுத்ததற்கு என்று விசாரணை வந்துகொண்டே இருக்கும். 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிறுவனம் யூனியனை அங்கீகரிக்காவிட்டாலும், ஒழுக்காற்று விசாரணைக்கு யூனியன்காரரையோ சக ஊழியரையோ கூட்டிக்கொண்டு போகலாம். அவர் உங்கள் பக்கத்தை எடுத்துச் சொல்லலாம், இடையில் உங்களோடு தனியாகக் கதைக்கலாம். ஆனால் மனேஜர் கேட்கும் கேள்விக்கு நீங்கள்தான் பதில் சொல்லவேண்டும். அன்றைக்கு அவருக்கு வசதியில்லை என்றால் ஐந்து வேலைநாளுக்குள் வேறு நாள் கேட்கலாம். எனக்கு மிகவும் பிடித்த விதி இதுதான். கோபத்தில் கூப்பிட்ட கூட்டம் நாலு நாள் தள்ளிப்போனால் பாதிக் கோபம் ஆறிவிடும். கமராப் பதிவையும் கேட்டு வாங்கிவிடலாம்.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம், புரியாவிட்டாலும் ‘யெஸ் சேர்’ என்று தலையாட்டுவது. அது ஒப்புதல் என்று குறிப்பில் ஏறிவிடும். மேசைக்குக் கீழே அவர்கள் காலைத் தட்டியே என் சப்பாத்து தேய்ந்தது.

இந்த வழியை எங்களுக்கு முன்னமே ஆட்கள் போட்டுவைத்திருக்கிறார்கள். 1976இல் வடமேற்கு லண்டனில் கிரன்விக் என்ற படம் கழுவும் ஆலையிலிருந்து ஜெயாபென் தேசாயும் கூட வேலை செய்த பெண்களும் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். வந்த பிறகுதான் யூனியனிலேயே சேர்ந்தார்கள். இரண்டு வருடம் நின்றும் தோற்றார்கள். ஆனால் அதற்குப் பிறகு ஆசியப் பெண்கள் போராடமாட்டார்கள் என்று இந்த நாட்டில் ஒருவரும் சொல்லவில்லை. மேற்கு லண்டனில் சவுத்தோல் பக்கம் பியாரா காப்ரா இந்தியத் தொழிலாளர் சங்கத்தில் வளர்ந்து, கவுன்சிலராகி, 1992இல் எம்.பி.யும் ஆனார்.

நான் கவுன்சிலரானதும் அந்த அறையிலிருந்துதான். வழக்கில் உதவி பெற்றவர்கள் வாடகை, வீட்டுப் பூஞ்சணம், பார்க்கிங் தண்டம் என்று அடுத்த பிரச்சினையையும் கொண்டுவந்தார்கள். அவற்றுக்குக் கதவு கவுன்சிலில் இருந்தது. கட்சி வேட்பாளராகத் தெரிவாவதே பெரிய பாடு. அதற்குப் பிறகு குளிரில் வீடு வீடாகப் போவதுதான். துண்டுப்பிரசுரத்தை ஒரு மர அகப்பையால் தள்ளப் பழகுங்கள். கதவில் கடிதம் போடும் துவாரத்துக்கு அந்தப் பக்கம் நாய் நின்றால் விரல் தப்பும்.

வென்ற பிறகு மாலை விழும் என்று நினைக்காதீர்கள். கிடைப்பது சம்பளமில்லை, ஒரு படிக்காசு. விசா கொடுக்கும் அதிகாரமும் கவுன்சிலருக்கு இல்லை. அதைக் கேட்டுவரும் எங்கள் ஆட்களை எம்.பி. அலுவலகத்துக்கு அனுப்பியே பாதி மாலை போய்விடும்.

சரி, நீங்கள் செய்யவேண்டியது. பராமரிப்புத் துறையில் யூனிசன் பெரிய யூனியன். சந்தா சம்பளத்தைப் பொறுத்தது. சேர்வதற்கு முன்பே தொடங்கிய பிரச்சினைக்குப் பொதுவாக வழக்கறிஞர் உதவி கிடைக்காது, ஆகவே பிரச்சினை வரும்வரை காத்திருக்கவேண்டாம். சம்பளத் தாள்களையும் ரோட்டா என்ற வேலைநேர அட்டவணையையும் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். இலங்கைக் கடவுச்சீட்டோடு இந்த விசாவிலேயே இங்கே வாக்களிக்கலாம், பலருக்கு இது தெரியாது. கவுன்சிலுக்குப் போட்டியிடத்தான் நிரந்தர வதிவுரிமை வேண்டும். அது பிறகு. வாக்காளர் பதிவை இணையத்தில் இன்றைக்கே முடித்துவிடுங்கள்.