ஈராக்கில் சண்டையிட்ட அமெரிக்க வீரர்களே அந்தப் போர் தவறு என்கிறார்களாமே, உண்மையா?

பாதி உண்மை. "அமெரிக்காவின் முன்னாள் படைவீரர்களில் பெரும்பாலோர், ஈராக் போர் கொடுத்த விலைக்குப் பெறாது என்கிறார்கள்" என்றால் சரி. "சண்டை போட்டவர்களே தவறு என்கிறார்கள்" என்றால், வேறு வேறு ஆட்களும் வேறு வேறு கேள்விகளும் ஒரே வாக்கியத்தில் கலந்துவிடுகின்றன. அதைப் பிரித்துப் பார்ப்போம்.

அடிக்கடி பகிரப்படும் எண், அமெரிக்கக் கருத்துக்கணிப்பு நிறுவனமான பியூ ஆய்வு மையம் 2019 ஜூலையில் வெளியிட்டது. 1,284 முன்னாள் படைவீரர்களிடம் கேட்டதில் 64 விழுக்காட்டினர், அமெரிக்காவுக்கு ஆன செலவையும் கிடைத்த பலனையும் வைத்துப் பார்த்தால் ஈராக் போர் பெறுமானமற்றது என்றார்கள். தலைப்புச் செய்தி இத்தோடு முடிந்துவிடும். அதே காலத்தில் பொதுமக்களிடம் கேட்டபோது இப்படிச் சொன்னவர்கள் 62 விழுக்காடு. ஆப்கானிஸ்தானுக்கு வீரர்கள் 58, மக்கள் 59. சிரியாவுக்கு 55, 58. சீருடை போட்டவருக்கும் போடாதவருக்கும் இடையே சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடே இல்லை. ஈராக்கிலோ ஆப்கானிஸ்தானிலோ பணியாற்றினாரா, நேரடிச் சண்டையைப் பார்த்தாரா என்று பிரித்தும் பெரிய மாற்றம் தெரியவில்லை.

வேறுபாடு தெரிந்த இடம் கட்சிச் சார்பு. குடியரசுக் கட்சி சார்ந்த முன்னாள் வீரர்களில் 45 விழுக்காட்டினர் ஈராக் போர் பெறுமானமுள்ளது என்றார்கள். ஜனநாயகக் கட்சி சார்ந்தவர்களில் 15 விழுக்காடுதான். 30 புள்ளி இடைவெளி! "நேரில் பார்த்தவர் சொல்கிறார்" என்று நாம் எடுத்துக்கொள்ளும் கருத்தில், அவர் எந்தக் கட்சிக்கு வாக்களிப்பவர் என்பதும் கணிசமாகக் கலந்திருக்கிறது. இதைச் சொன்னால் இரு தரப்புக்கும் பிடிப்பதில்லை.

அடுத்து, "முன்னாள் படைவீரர்" என்றால் யார்? 2019 கணக்கில் வியட்நாம் காலத்தவர், எந்தப் போருக்கும் போகாமல் ஜெர்மனியிலோ அமெரிக்காவிலோ பணி முடித்தவர் எல்லாரும் உண்டு. ஈராக் போனவர்களுக்கு நெருக்கமான எண் வேண்டுமென்றால் பியூவின் 2011 அக்டோபர் அறிக்கையைப் பார்க்க வேண்டும். அதில் மொத்தம் 1,853 பேர். 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு பணியில் இருந்தவர்கள் 712 பேர். இந்த 712 பேரில் ஈராக் போர் பெறுமானமுள்ளது என்றவர்கள் 44 விழுக்காடு, ஆப்கானிஸ்தான் 50. மக்களிடம் அப்போது 36, 41. இரண்டுமே வீண் என்ற வீரர்கள் 33 விழுக்காடு. இங்கும் ஒரு கவனம்: இந்த 712 பேரும் ஈராக் மண்ணை மிதித்தவர்கள் அல்ல. 2001க்குப் பின் சீருடையில் இருந்தவர்கள், அவ்வளவுதான்.

இரண்டு அறிக்கைகளையும் அடுத்தடுத்து வைத்து "2011ல் பெறுமானமில்லை என்றவர்கள் பாதிப்பேர், 2019ல் 64 விழுக்காடு, ஆக வீரர்கள் மனம் மாறிவிட்டார்கள்" என்று எழுதுவது பரவலான பிழை. முதல் எண் 2001க்குப் பிந்தையவர்களுடையது, இரண்டாவது எல்லாத் தலைமுறையினருடையதும். ஒப்பிடவே கூடாத எண்கள். மனமாற்றம் இருந்திருக்கலாம், ஆனால் இந்த இரண்டு எண்களை வைத்து அதை நிறுவ முடியாது.

பிழை வரம்பையும் பாருங்கள், அதாவது கணிப்பில் கிடைத்த விழுக்காடு உண்மையிலிருந்து எவ்வளவு விலகக்கூடும் என்பதை. மனக்கணக்காகவே போடலாம்: 1ஐ மாதிரி எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் போதும். 712க்கு வர்க்கமூலம் சுமார் 26.7, ஆக ஏறத்தாழ 3.7 புள்ளி கூடவோ குறையவோ. இது எளிய மாதிரிக்கு. முன்னாள் படைவீரர்கள் அமெரிக்கப் பெரியவர்களில் பத்தில் ஒருவருக்கும் குறைவு என்பதால், அவர்களைத் தேடிப் பிடித்து, வயது, இனம், படைப்பிரிவு பார்த்து எடையிட வேண்டியிருக்கிறது. எடையிட்டால் வரம்பு இன்னும் அகலும். ஆகவே அந்த 712 பேரை மறுபடி கூறு போட்டு, "அதில் மரைன்கள் (கடற்படையோடு இணைந்த போர்ப்பிரிவினர்) இப்படி, பெண்கள் அப்படி" என்று யாராவது சொன்னால், ஒவ்வொரு கூறிலும் எத்தனை பேர் என்று கேளுங்கள். பல சமயம் 50, 60 பேர்கூட இருக்கமாட்டார்கள்.

பெரிய குழப்பம் கேள்வியில்தான் இருக்கிறது. போனது சரியா, கொடுத்த விலைக்குப் பலன் உண்டா, போரை ஒழுங்காக நடத்தினார்களா, நீ ஆற்றிய பணி பற்றிப் பெருமைப்படுகிறாயா: இந்த நான்கும் நான்கு கேள்விகள். ஒரே ஆள் நான்குக்கும் நான்கு விதமாகப் பதில் சொல்வார், அதில் முரண்பாடும் இல்லை. 2011 அறிக்கையில் அதே 2001க்குப் பிந்தைய வீரர்களில் 96 விழுக்காட்டினர் தங்கள் பணியை நினைத்துப் பெருமைப்படுவதாகச் சொன்னார்கள். வாஷிங்டன் போஸ்டும் கைசர் குடும்ப அறக்கட்டளையும் 2013ல் ஈராக், ஆப்கானிஸ்தான் காலத்து வீரர்கள் 819 பேரிடம் எடுத்த கணிப்பில் ஈராக் போர் பெறுமானமுள்ளது என்றவர்கள் 44 விழுக்காடு. திரும்பவும் படையில் சேர்வேன் என்றவர்களோ பத்தில் ஒன்பது பேர். "போர் வீண், ஆனால் நான் மறுபடி போவேன்" என்பவரை எந்தப் பக்கத்தில் சேர்ப்பீர்கள்? தமிழில் இந்தச் செய்திகள் வரும்போது "பெறுமானமற்ற" என்பது சத்தமில்லாமல் "நியாயமற்ற" என்று ஆகிவிடுகிறது. முன்னது செலவுக் கணக்கு, பின்னது அறத் தீர்ப்பு.

இதற்கு நல்ல உதாரணம் ஸாக்பி நிறுவனமும் லெமாய்ன் கல்லூரியும் 2006 பிப்ரவரியில் வெளியிட்ட கணிப்பு. அப்போது ஈராக்கிலேயே இருந்த 944 வீரர்களிடம் எடுத்தது. 72 விழுக்காட்டினர், அமெரிக்கா ஓராண்டுக்குள் வெளியேற வேண்டும் என்றார்கள். "வீரர்களே போரை எதிர்க்கிறார்கள்" என்று உலகம் முழுக்க ஓடிய எண் இது. அதே தாளில் இன்னொரு எண்ணும் இருந்தது: 85 விழுக்காட்டினர், தாங்கள் அங்கே இருப்பதன் முக்கிய நோக்கம் செப்டம்பர் 11 தாக்குதலில் ஈராக் அதிபராக இருந்த சதாம் உசேனின் பங்குக்குப் பதிலடி என்று நம்பினார்கள். அந்தத் தாக்குதலில் சதாமுக்குப் பங்கு இருந்ததாக எந்த ஆதாரமும் கிடையாது. ஆக, வெளியேறச் சொன்னவர்களில் பெரும்பாலோருக்குப் படையெடுப்பின் காரணத்தில் ஐயமே இல்லை. வேலை முடிந்தது, வீட்டுக்குப் போகலாம் என்றுகூட அதைப் படிக்கலாம்.

அந்தக் கணிப்பில் படைப்பிரிவு வாரியான பிரிவு இன்னும் சுவையானது. ஓராண்டுக்குள் வெளியேற வேண்டும் என்றவர்கள் ரிசர்வ் படையில் 89 விழுக்காடு, தேசியக் காவல்படையில் 82, மரைன்களில் 58. காரணத்தை ஓரளவு ஊகிக்கலாம். ரிசர்வும் காவல்படையும் மாதம் ஒரு வாரக்கடைசி, ஆண்டுக்கு இரண்டு வாரம் பயிற்சி என்ற கணக்கில் சேர்ந்தவர்கள். ஊரில் வேலை, கடை, குடும்பம் எல்லாம் இருக்கும். அவர்களை இழுத்துப் போய் ஒரு வருடத்துக்கு மேல் வைத்தால் கோபம் வரத்தான் செய்யும். மரைன்களைப் போர்க்களத்துக்கு அனுப்பும் ஒரு சுற்று பெரும்பாலும் ஏழு மாதம். (கணிப்பு எடுத்த இடங்களை வெளியே சொல்லாததால், மாதிரி சரிதானா என்ற விமர்சனமும் எழுந்தது. அதையும் சேர்த்தே மேற்கோள் காட்டுவது நேர்மை.)

மிலிட்டரி டைம்ஸ் இதழ்க் குழுமத்தின் கணிப்பையும் பலர் காட்டுவார்கள். போருக்குப் போனது சரி என்றவர்கள் 2003ல் 65 விழுக்காடு, 2006 இறுதியில் 41. இது மதிப்புள்ள தொடர், ஏனென்றால் ஒரே வகை ஆட்களிடம் ஒரே கேள்வியை ஆண்டுதோறும் கேட்டது. ஆனால் அவர்கள் அந்த இதழின் சந்தாதாரர்கள்: சராசரிச் சிப்பாயைவிட வயதும் பதவியும் கூடியவர்கள், ராணுவத்தையே வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டவர்கள். மொத்தப் படையின் கருத்து என்று இதைச் சொல்லக்கூடாது. இறங்கும் திசையை நம்பலாம், எண்ணை அப்படியே நம்பக்கூடாது.

பணியில் இருக்கும்போது பேசாதவர்கள் ஓய்வு பெற்றதும் பேசுவதைக் கோழைத்தனம் என்று சிலர் எழுதுகிறார்கள். சட்டம் தெரியாமல் எழுதுவது. அமெரிக்க ராணுவ நீதிச் சட்டத்தின் 88வது பிரிவுப்படி, அதிபர், துணை அதிபர், காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்), பாதுகாப்புத் துறைச் செயலர் முதலானோரை இழிவுபடுத்தும் சொற்களைப் பயன்படுத்தும் அதிகாரியை ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தலாம். இது ஆணை பெற்ற அதிகாரிகளுக்கு மட்டும். சிப்பாய்க்கு வேறு விதிகள். சீருடையில் போர் எதிர்ப்புக் கூட்டத்துக்குப் போகக்கூடாது என்பது எல்லாருக்கும். ஆகவே 2006 மார்ச், ஏப்ரலில் ஆறு ஓய்வுபெற்ற தளபதிகள் அடுத்தடுத்து, அப்போதைய பாதுகாப்புத் துறைச் செயலர் டொனால்ட் ரம்ஸ்ஃபெல்ட் பதவி விலக வேண்டும் என்றது சாதாரண நிகழ்வு அல்ல. அவர்களில் ஜான் பாட்டிஸ்ட் ஈராக்கில் ஒரு டிவிஷனையே வழிநடத்தியவர், பால் ஈட்டன் ஈராக்கியப் படைக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பில் இருந்தவர்.

ஆனால் அந்த ஆறு பேரும் ஒரே காரணத்தைச் சொல்லவில்லை. போருக்குப் போனதே தவறு என்றவர் உண்டு. போனது இருக்கட்டும், நடத்திய விதம்தான் நாசம் என்றவரும் உண்டு. முன்னாள் வீரர்களோடு விவாதிக்கும்போது அதிகம் கேட்கும் புகார் இந்த இரண்டாவதுதான். 2003 பிப்ரவரியில் தரைப்படைத் தலைவர் எரிக் ஷின்செகி, பல லட்சம் வீரர்கள் வேண்டியிருக்கும் என்று செனட் குழுவிடம் சொன்னார். மேலிடம் அதை ஒதுக்கியது. 2003 மே மாதம் பாக்தாத்தில் இருந்த அமெரிக்க நிர்வாகம் இரண்டு ஆணைகளைப் போட்டது. ஒன்று சதாமின் பாத் கட்சியின் மேல்மட்டத்தினரை அரசுப் பணியிலிருந்து நீக்கியது, மற்றது ஈராக் ராணுவத்தைக் கலைத்தது. ஆயுதப் பயிற்சி பெற்ற லட்சக்கணக்கானவர்கள் ஒரே நாளில் வேலையற்றுத் தெருவுக்கு வந்தார்கள். சாலையோரக் குண்டுகளை எதிர்கொண்ட வீரர்கள் இந்த இரண்டாவது ஆணையை மறப்பதில்லை.

அன்றாடக் குறைகளும் உண்டு. போதிய கவசம் இல்லாத ஹம்வீ வண்டிகளுக்குக் குப்பைமேட்டில் கிடந்த இரும்புத் தகட்டைத் தேடி ஒட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது என்று 2004 டிசம்பரில் குவைத்தில் ஒரு காவல்படை வீரர் ரம்ஸ்ஃபெல்டிடமே கேட்டார். ஒப்பந்தக் காலம் முடிந்தும் அனுப்பாமல் பிடித்துவைக்கும் ஸ்டாப்-லாஸ் ஏற்பாடு இருந்தது. அப்படிப் பிடித்துவைத்த ஒவ்வொரு மாதத்துக்கும் 500 டாலர் என்று பின்னால், 2009ல்தான் சட்டம் போட்டு ஈடு கொடுத்தார்கள். 2007 ஏப்ரலில் தரைப்படையின் சுற்று 12 மாதத்திலிருந்து 15 மாதமானது. இந்தக் கோபங்களை எல்லாம் "போர் எதிர்ப்பு" என்ற ஒரே பெட்டியில் போட்டால் அவர்களே ஒத்துக்கொள்ளமாட்டார்கள்.

அமைப்புகளைப் பொறுத்தவரை, பெயரைப் பார்த்தே நிலைப்பாட்டைக் கண்டுபிடிக்கலாம். 2004ல் பாஸ்டனில் தொடங்கிய "போருக்கு எதிரான ஈராக் முன்னாள் வீரர்கள்" உடனடி வெளியேற்றம் கேட்டது. 2006ல் வந்த "விடுதலைக்கான முன்னாள் வீரர்கள்" 2007ன் படை அதிகரிப்பை ஆதரித்தது. இருவரும் உண்மையான வீரர்கள், இருவரும் தங்களை ஒத்தவர்களை மட்டுமே சேர்த்துக்கொண்டவர்கள். எந்த அமைப்பின் கூட்டத்திலும் கேட்ட வாக்குமூலம் அனுபவத்துக்குச் சான்று, பெரும்பான்மைக்குச் சான்று அல்ல.

எந்த ஆண்டில், எங்கே இருந்தார் என்பதையும் கேட்க வேண்டும். 2003 ஏப்ரலில் பாக்தாத்தில் சதாம் சிலை விழுந்ததைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பியவரும், 2006ல் கடும் சண்டை நடந்த ரமாதி நகரில் இருந்தவரும் பார்த்தது ஒரே போர் அல்ல. ஃபலூஜாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2004 நவம்பரில் வீடு வீடாகச் சண்டையிட்டுப் பிடித்த நகரம் 2014 ஜனவரியில் ஐஎஸ் தீவிரவாத அமைப்பின் கைக்குப் போனது. "இதற்காகவா?" என்று கேட்ட மரைன்களும் உண்டு, "2011 டிசம்பரில் படையைத் திரும்ப அழைத்ததால் வந்த வினை" என்றவர்களும் உண்டு. அதே நகரம், அதே இழப்பு, எதிரெதிர் முடிவு.

கடைசியாக, "தவறு என்று தெரிந்தால் ஏன் போனார்கள்?" என்ற துணைக் கேள்வியும் வரும் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். மனச்சான்றின்படி போரை மறுப்பவர் என்று அமெரிக்கப் படையில் அங்கீகாரம் பெற, எந்தப் போரிலும் பங்கேற்க மாட்டேன் என்று காட்ட வேண்டும். "இந்தப் போர் மட்டும் வேண்டாம்" என்பது செல்லாது. வியட்நாம் காலத்தில், 1971ல், உச்ச நீதிமன்றமே அப்படித் தீர்ப்பளித்துவிட்டது. 2006ல் லெப்டினன்ட் ஏரன் வாட்டாடா, ஈராக் போர் சட்டவிரோதம், அங்கே போகமாட்டேன், ஆப்கானிஸ்தானுக்கு அனுப்புங்கள் என்று கேட்டார். மறுத்துவிட்டு ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். 2007 பிப்ரவரியில் அந்த விசாரணை தீர்ப்பின்றி ரத்தானது. 2009ல்தான் அவரைப் படையிலிருந்து விடுவித்தார்கள்.