பாலஸ்ட் தண்ணீரை நடுக்கடலில் மாற்றினால் போதாதா? கப்பலில் சுத்திகரிப்புக் கருவி எதற்கு?

போதாது. கப்பலில் என்ஜினியராக வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

சரக்கை இறக்கிய கப்பல் மிதந்து மேலே வந்துவிடும், நிலைகொள்ளாது. அதனால் அந்தத் துறைமுகத்துத் தண்ணீரையே (இதுதான் பாலஸ்ட் தண்ணீர்) டாங்குகளில் ஏற்றிக்கொண்டு போய், அடுத்த இடத்தில் சரக்கு ஏற ஏற வெளியே விடுகிறோம். கூடவே முட்டை, லார்வா, பாசி, பாக்டீரியா எல்லாம் இடம் மாறுகின்றன. 1980களில் இப்படிக் கருங்கடலுக்குப் போன சீப்பு ஜெல்லி என்ற ஜெல்லிமீன் போன்ற உயிரி, மீன்குஞ்சுகளின் இரையைத் தின்று பெருகியது. அளவுமீறிய மீன்பிடிப்பால் ஏற்கெனவே நலிந்திருந்த நெத்திலி அதோடு படுத்துவிட்டது.

பழைய விதி டி-1. கரையிலிருந்து 200 கடல் மைல் தள்ளி, குறைந்தது 200 மீட்டர் ஆழமுள்ள இடத்தில் 95 சதவீதத் தண்ணீரை மாற்ற வேண்டும் என்றது அது. (முடியாவிட்டால் 50 மைல்.) புயலில் இதைச் செய்ய முடியாது. கரையோரமாகவே போகும் குறுகிய பயணங்களில் அவ்வளவு தூரமே வராது. எல்லாவற்றையும்விடச் சிக்கல் சேறுதான். டாங்கின் மேன்ஹோலைத் திறந்து இறங்கிப் பார்த்தால், அடித்தட்டுச் சட்டங்களுக்கு இடையே, பம்ப் உறிஞ்சாத மூலைகளில் கொழகொழவென்று படிந்து கிடக்கும். சில நச்சுப்பாசிகள் அதில் உறக்கநிலையில் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். தண்ணீரை எத்தனை முறை மாற்றினாலும் அவை அசையாது.

அதனால்தான் டி-2 என்ற புதிய விதி. பாலஸ்ட் தண்ணீர் பற்றி 2004-ல் ஏற்கப்பட்ட சர்வதேச ஒப்பந்தம் 2017 செப்டம்பர் 8-ல் அமலுக்கு வந்தது. 2024 செப்டம்பர் 8-க்குள் ஒப்பந்தத்துக்கு உட்பட்ட கப்பல்கள் டி-2-க்கு மாற வேண்டும் என்று கெடு இருந்தது. வெளியே விடும் ஒரு கன மீட்டர் தண்ணீரில் 50 மைக்ரானும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அதற்கு மேலும் அளவுள்ள, உயிரோடிருக்கும் உயிரிகள் பத்துக்கும் குறைவாக இருக்க வேண்டும். காலரா கிருமிக்கும் குடல் பாக்டீரியாவான ஈ.கோலைக்கும் தனி வரம்பு உண்டு. பெரும்பாலான கருவிகள் முதலில் வடிகட்டி, பிறகு புற ஊதா ஒளியாலோ மின்பகுப்பில் உண்டாகும் குளோரினாலோ கொல்கின்றன.

கருவி இருந்தால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். கலங்கலான ஆற்றுத் துறைமுகத்தில் ஃபில்டர் ஓயாமல் அடைத்துத் தன்னைத்தானே கழுவிக்கொண்டிருக்கும். தண்ணீர் ஏறும் வேகம் பாதியாகிவிடும். சரக்கு இறக்கும் கிரேன் காத்திருக்காது. அப்போது, கருவிக்குள் போகாமல் தண்ணீரைத் திருப்பிவிடும் பைபாஸ் வால்வைத் திறக்கத்தான் கை போகும். எனவே பதிவேட்டைப் புரட்டுவதோடு நிறுத்தாமல், ஆய்வுக்கு வருபவர்கள் தண்ணீரையும் சாம்பிள் எடுக்க வேண்டும் என்பது என் கருத்து. டாங்கைச் சுத்தம் செய்யும் தளங்களில் சேற்றை வாங்கிக்கொள்ள வசதி வேண்டும் என்று ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவே சொல்கிறது. அந்த வசதியையும் சேர்த்துக் கோருங்கள்.