முகமே இல்லாத சிலை

கேள்வி: அமெரிக்காவின் டெர்ரி ஆலன் நாட்டுப்புற மெட்டில் பாட்டு எழுதிப் பாடுகிறார், படம் வரைகிறார், சிலை செய்கிறார், நாடகமும் எழுதுகிறார். இப்படிப் பன்முகக் கலைஞராக இருந்தால் எதிலாவது ஆழம் இருக்குமா?
- ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: ‘பன்முக’ என்று கண்டாலே எனக்குக் கை அரிக்கும். இதே பக்கத்தில் அந்தச் சொல்லைத் திட்டி எழுதி இரண்டு விழாக் குழுக்களின் விரோதத்தைச் சம்பாதித்தவன் நான். ராவணனுக்குப் பத்து, முருகனுக்கு ஆறு. மற்றவர்களுக்கு ஒன்று போதும்.

லாஸ் ஏஞ்சலிஸில் ஆலன் செய்த வெண்கலச் சிலை ஒன்று இருக்கிறது. கோட்டுப் போட்ட ஆசாமி, கையில் பெட்டி, தலை மட்டும் அலுவலகக் கட்டடத்தின் சுவருக்குள். முகமே கிடையாது. மாதக் கடைசியில் எங்கள் கணக்குப் பிரிவைப் பார்த்தால் எனக்கு அந்தச் சிலை ஞாபகம் வரும்.

சரி, ஆழம். டெக்ஸாஸின் லபக் ஊரில் வளர்ந்தவர். அப்பா மல்யுத்தமும் கச்சேரியும் நடத்தியவர், அம்மா பியானோ வாசிப்பவர். இது ‘கண்ட்ரி’ என்கிற அமெரிக்க நாட்டுப்புற இசையா என்றால் ‘எந்த கண்ட்ரி?’ என்று திருப்பிக் கேட்பார். 1975-இல் ‘ஹுவாரெஸ்’ என்ற இசைத்தட்டு: இரண்டு ஜோடி, ஒரு டிரெய்லர் வீடு, கொலை, எல்லை தாண்டி ஓட்டம். அதையே படமாக வரைந்தார், வானொலி நாடகமாகவும் ஆக்கினார், வருஷக்கணக்கில் விடவில்லை. ஒரே அரிப்பை நாலு விரலால் சொறிந்தவருக்கு முகம் ஒன்றுதானே? 1979 இசைத்தட்டில் ஒரு பாட்டு: நியூயார்க்கிலிருந்து நவீன ஓவியங்களை ஏற்றிவந்த லாரி கவிழ்ந்து எரிகிறது. தன் பிழைப்பையே நடுரோட்டில் கொளுத்திச் சிரித்த மனுஷர்.

டென்வர் விமான நிலையத்திலும் அவர் கைவரிசை உண்டு. ஐரோப்பிய மாதா கோயில் கூரைப் பூதங்கள் இரண்டு, திறந்த சூட்கேஸுக்குள் குந்தியபடி, பயணிகள் பெட்டி எடுக்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். காவலாம். நான் இறங்கிய விமான நிலையத்தில் அப்படிப் பூதம் எதுவும் இல்லை, என் பெட்டி வரவில்லை. உள்ளே வீட்டு மாவடு ஒரு பாட்டில், அப்புறம் ‘பன்முகச் செம்மல்’ என்று பொறித்து எனக்குக் கொடுத்த கேடயம். புகார்ப் படிவத்தில் பொருளின் மதிப்பு கேட்டிருந்தார்கள். மாவடுவுக்கு மட்டும் எழுதினேன்.

நாலாம் நாள் பெட்டி வந்தது. மாவடுவைக் காணோம். கேடயம் பத்திரமாக இருந்தது.