நிரல்மொழி மாநாட்டுக்கு நிபுணர் அல்லாதவர் போகலாமா? – கேள்வி பதில்

கேள்வி: வங்கி ஒன்றுக்கு ஜாவாவில் மென்பொருள் எழுதுகிறேன். ஆய்வுப் பின்னணி இல்லை. ஐ.சி.எஃப்.பி. (ஃபங்ஷனல் நிரலாக்க ஆய்வுக்கான பன்னாட்டு மாநாடு) போன்ற மாநாட்டுக்கு நான் போவதில் பயன் உண்டா?

பதில்: உண்டு. நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் ஜெனரிக்ஸ் (ஒரே நிரலைப் பலவகைத் தரவுக்கும் பொதுவாக எழுத உதவுவது) வசதியின் வேர் இத்தகைய மாநாடுகளில்தான் இருக்கிறது. மார்ட்டின் ஒடர்ஸ்கியும் ஃபிலிப் வாட்லரும் 1997இல் பி.ஓ.பி.எல். என்ற நிரல்மொழி ஆய்வு மாநாட்டில் பிட்சா என்ற மொழியை முன்வைத்தார்கள். அதிலிருந்து வளர்ந்த வடிவமைப்பு 2004இல் ஜாவா 5 வழியாக எல்லோர் கைக்கும் வந்தது. ஆகவே, அங்கே கேட்பது அடுத்த வாரமே அலுவலகத்தில் உதவும் என்று எண்ண வேண்டாம். ஐ.சி.எஃப்.பி. வாரத்தில் முதன்மை மாநாட்டைச் சுற்றி ஹாஸ்கெல், ஓகேமல், எர்லாங் முதலிய நிரல்மொழிகளுக்கான சிறு அமர்வுகளும் பயிற்சி வகுப்புகளும் நடக்கும். முதன்முறை போகிறவர் அவற்றில் தொடங்குவது நல்லது. முந்தைய ஆண்டுகளின் உரைகள் யூடியூபில் இருக்கின்றன. நான்கைந்தைப் பார்க்காமல் பதிவுக் கட்டணம் செலுத்தாதீர்கள்.

கேள்வி: கணிதம் எவ்வளவு தெரிய வேண்டும்?

பதில்: உரைகளில் மிகுதியாக வருவது வகை விதிகள் (டைப்பிங் ரூல்ஸ்), அதாவது நிரலில் உள்ள ஒரு கோவைக்கு எந்த டைப் (எண், எழுத்துச்சரம் போன்ற தரவு வகை) பொருந்தும் என்று சொல்பவை. ஒவ்வொரு விதியிலும் ஒரு கிடைக்கோடு இருக்கும்; அதற்கு மேலே இருப்பவை நிபந்தனைகள், கீழே இருப்பது முடிவு. காமா (Γ) என்ற கிரேக்க எழுத்து, மாறிகளையும் அவற்றின் டைப்பையும் குறித்து வைத்திருக்கும் பட்டியல். இவ்வளவு தெரிந்தால் உரையின் முற்பகுதியைப் பின்தொடரலாம். நிரூபணம் தொடங்கியதும் இழை அறுந்துபோனால் வருந்த வேண்டாம். பக்கத்துத் துறை ஆய்வாளருக்கும் அது நேர்வதுதான்.

கேள்வி: மாணவருக்குப் பண உதவி கிடைக்குமா?

பதில்: 2012 முதல் நடந்துவரும் பி.எல்.எம்.டபிள்யூ. என்ற வழிகாட்டல் அமர்வு புதியவர்களுக்காகவே ஏற்பட்டது, அதற்கு விண்ணப்பியுங்கள். மாணவத் தொண்டராகச் சேர்ந்தாலும் கட்டணச் சுமை குறையும்.

கேள்வி: உங்கள் முதல் பதிலை ஏற்க இயலவில்லை. சிறு மாநாட்டின் உயிரே, அடிப்படைகளை விளக்காமல் நேரே பேச முடிவதில் இருக்கிறது. எல்லோரும் வந்தால் அது சிதையாதா?

பதில்: உங்கள் கவலையில் ஒரு பாதி நியாயமானது. உரைக்குப் பிந்தைய கேள்வி நேரம் சில நிமிடங்களே. அதில் அடிப்படைக் கேள்வி கேட்பது அவைக்குச் செய்யும் அநீதி, அதைத் தேநீர் இடைவேளையில் கேட்க வேண்டும். ஆனால் உரைகளின் தரத்தைத் தீர்மானிப்பது தேர்வுக் குழு, பார்வையாளர் அல்லர். 2000ஆம் ஆண்டு ஐ.சி.எஃப்.பி.யில் கோயன் கிளாசனும் ஜான் ஹியூஸும் குயிக்செக் என்ற சோதனைக் கருவியை முன்வைத்தார்கள். நிரல் எப்போதும் காக்க வேண்டிய பண்பை நாம் எழுதினால், அதை முறிக்கக்கூடிய உள்ளீடுகளைக் கருவியே தேடும். பின்னர் எர்லாங்குக்காக உருவான அதன் வடிவம் எரிக்சன் நிறுவனத்தின் தொலைத்தொடர்பு மென்பொருளைச் சோதித்தது. அந்த அனுபவம் 2006இல் எர்லாங் அமர்வில் கட்டுரையாயிற்று. தொழிற்சாலைப் பொறியாளர் அவைக்கு வெளியே நின்றிருந்தால் அந்த ஆய்வு பாதி வழியில் நின்றிருக்கும்.

கேள்வி: (அவரே மீண்டும்) எரிக்சன் பொறியாளர் எர்லாங்கின் நிபுணர். வெறும் ஆர்வலரை அவரோடு ஒப்பிடலாமா?

பதில்: எர்லாங்கில் நிபுணர், நிரூபணக் கோட்பாட்டில் அல்லர். நிபுணத்துவம் ஒரே அளவுகோல் அன்று என்பதே என் வாதம். ஆர்வலரிடமும் நான் எதிர்பார்ப்பது ஒன்றுதான்: தன் வேலையில் உண்மையாகவே இடறிய ஒரு சிக்கலோடு வர வேண்டும். அப்படி ஒன்றும் இல்லாதவர் வீட்டிலிருந்தே காணொளி பார்ப்பது மேல். இதில் உங்களோடு உடன்படுகிறேன்.

கேள்வி: கணிதத்தில் நான் பலவீனம். போகலாமா?

பதில்: மேலே விடை இருக்கிறது.

கேள்வி: சான்றிதழ் தருவார்களா? வேலைக்கு உதவுமா?

பதில்: அதற்காகப் போகாதீர்கள்.

கேள்வி: ரஸ்ட் முதலில் கற்பதா, ஹாஸ்கெல் முதலில் கற்பதா?

பதில்: இந்த அமர்வின் பொருள் அது அன்று.

கேள்வி: கணிதம் இல்லாமல்...

பதில்: மூன்றாம் முறை. இரண்டாம் கேள்வியின் பதிலைத் தயவுசெய்து படியுங்கள், காணொளிகளையும் பாருங்கள்.

கேள்வி: ஆய்வாளரிடம் பேச்சை எப்படித் தொடங்குவது?

பதில்: அவருடைய கட்டுரையின் முன்னுரையை முதல் நாள் இரவே படித்துவிடுங்கள், ஐ.சி.எஃப்.பி., பி.ஓ.பி.எல். கட்டுரைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. பிறகு, “என் நிரலில் இப்படி ஒரு பிழை திரும்பத் திரும்ப வருகிறது, உங்கள் முறை அதைப் பிடிக்குமா?” என்று கேளுங்கள். பிடிக்காது என்றால் ஏன் என்று கேளுங்கள். பெரும்பாலும் அந்த விடைதான் நீளமாக இருக்கும்.