பாதுகாப்பைக் காரணம் காட்டி வக்கீலைச் சிறையில் தடுக்கலாமா?

டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதிய அக்கா, சிறையிலிருக்கும் உங்கள் தம்பியைப் பார்க்க வக்கீலை விடவில்லை என்று கேட்டிருந்தீர்கள். அவரைப் ‘பாதுகாப்பு’ என்று சொல்லி அடியோடு தடுக்க முடியாது. தென்னாப்பிரிக்க அரசியல் சாசனத்தின் 35ஆம் பிரிவு, கைதி தனக்குப் பிடித்த வக்கீலிடம் ஆலோசிக்க உரிமை தருகிறது. துணைவரும் நெருங்கிய உறவினரும் வந்து பார்க்கவும் அதிலேயே இடமுண்டு.

சோதனை போடட்டும், போனை வாசலிலேயே வாங்கி வைக்கட்டும். கஞ்சாவும் கத்தியும் உள்ளே போவது நிஜமான தலைவலிதானே. ஆனால் வக்கீலோடு பேசும்போது வார்டர் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கலாமே தவிர, ஒட்டுக்கேட்கக் கூடாது. கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று 2015இல் ஐ.நா. ஏற்ற மண்டேலா விதிகளில் இது 61ஆவது. அந்த மண்டேலாவுக்கே ரோபன் தீவுச் சிறையில் தொடக்கத்தில் ஆறு மாதத்துக்கு ஒரு சந்திப்புதான்! இன்று, தென்னாப்பிரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சிறைச் சட்டப்படி, கைதியை மாதம் ஒரு மணி நேரமாவது வந்து பார்க்க விட்டே ஆகவேண்டும். மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.